அரும்பு, மொட்டு, மலர்: தொடக்கப் பள்ளி எப்படி மாறியிருக்கிறது, பெற்றோர் எதைக் கேட்க வேண்டும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளியில் ‘அரும்பு’ நிலைப் பயிற்சி தருகிறார்கள். பார்த்தால் முதல் வகுப்புப் பாடம் போல இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் தங்கைக்கு வீட்டுப்பாடமே கிடையாது. யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். ஆனால் ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் வரப்போகிறது என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. இப்படித் துண்டு துண்டாகச் சேதி வந்து சேரும்போது, பள்ளி தன் பொறுப்பைக் குறைத்துக்கொண்டுவிட்டது என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு டியூஷன் தேடத் தொடங்குகிறார்கள்.

இந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். பாடநூலில் எத்தனை பக்கம் முடிந்தது என்று அளந்த காலம் போய், பிள்ளைக்கு எது கைவந்திருக்கிறது என்று அளக்கும் முறை தொடக்க வகுப்புகளுக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளை வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன்.

சட்டம் வகுத்திருக்கும் எல்லைகள்

6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ‘25 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம்’ என்றே பலர் இதை அறிந்திருக்கிறார்கள். வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றியும் இது நிறையச் சொல்கிறது. பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

1. சேர்க்கையின்போது பிள்ளைக்குத் தேர்வு வைப்பதும் பெற்றோரை நேர்காணல் செய்து வடிகட்டுவதும் பிரிவு 13இன்படி குற்றம். முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதற்குப் பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. நன்கொடை வாங்கினால், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம்.

2. பிரிவு 17 அடிப்பதைத் தடை செய்கிறது. மன ரீதியாகத் துன்புறுத்துவதும் அதே பிரிவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ‘மக்கு’ என்று வகுப்பின் நடுவே நிற்க வைத்துச் சொல்வது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ‘நன்றாக நாலு போடுங்கள், சார்’ என்று பெற்றோரே அனுமதி கொடுத்தாலும் அது சட்டப்படி செல்லாது.

3. பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. இது பிரிவு 28.

4. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஓர் ஆண்டில் குறைந்தது 200 வேலை நாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணை கூறுகிறது.

நான்காவதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் வருகிறது. ஊர்த் திருவிழா, உறவினர் கல்யாணம் என்று ஆண்டில் பதினைந்து நாள் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் 60 மணி நேரக் கற்றல் போய்விடும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதி ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. வருகையில் அரசு இவ்வளவு அக்கறை காட்டுவதற்கும் இதுவே காரணம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. காலையில் வயிறு நிறைந்த பிள்ளைக்குத்தான் முதல் மணி நேரப் பாடம் காதில் விழும்.

ஃபெயில் இல்லை என்பதன் பொருள்

மூலச் சட்டத்தின் பிரிவு 16, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்திவைப்பதா இல்லையா என்ற முடிவை அரசுகளிடம் விட்டது. அதே ஆண்டில் அந்த இரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு நடத்தத் தமிழ்நாடு அரசு அரசாணை பிறப்பித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது.

தொலைக்காட்சியில் ஓடிய செய்தி 2024 டிசம்பரைச் சேர்ந்தது. அப்போது மத்திய அரசு தன் விதிகளை மாற்றியது. புதிய விதியின்படி, ஆண்டுத் தேர்வில் தேறாத பிள்ளைக்குக் கூடுதலாகக் கற்பித்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தலாம். பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது. கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகள் இந்த விதிக்கு உட்பட்டவை. தமிழ்நாட்டில் பழைய முறையே தொடரும் என்று அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார். 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு கூடாது என்ற நிலையையே எடுத்தது.

ஃபெயில் இல்லை என்பதை ‘மதிப்பீடு இல்லை’ என்று புரிந்துகொள்வதுதான் இங்கே நேரும் பெரிய தவறு. ஏழு வயதுப் பிள்ளை ஒன்றைக் கற்கவில்லை என்றால், அந்தக் கணக்கைப் பள்ளியின் பெயரில் எழுத வேண்டும் என்கிறது சட்டம். அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு, அதே பாடம், அதே முறை என்று உட்கார வைத்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது அவமானம் மட்டுமே. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுபோவதற்கு அந்த அவமானம் ஒன்றே போதுமானது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நிறுத்தாமல் மேலே அனுப்பிக்கொண்டே இருந்து, விடுபட்டதைக் கற்றுக்கொடுக்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை என்றால், ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒரு பத்தியைக்கூடப் படிக்க முடியாமல் நிற்கும். அந்த ஏற்பாடாகத்தான் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது.

எண்ணும் எழுத்தும்

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. மூடிய அன்று முதல் வகுப்பில் இருந்த பிள்ளை, திறந்த அன்று மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. இடையில் இரண்டாம் வகுப்பு முழுவதும் பெயரளவில் கழிந்துபோனது. முதல் வகுப்பில் கற்ற எழுத்துகளும் மறந்துபோயின. கையில் மூன்றாம் வகுப்புப் பாடநூல்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இலக்கு. அதை எட்ட 2025ஆம் ஆண்டு குறிக்கப்பட்டது. முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை இருந்த திட்டம், அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

திட்டத்தின் நடைமுறை இது:

1. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு முன், உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டறிகிறார்கள்.

2. அதன்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்பில் மலர் என்றால் அந்த வகுப்புக்குரிய நிலை. மொட்டு அதற்கு ஒரு படி கீழே, அரும்பு அதற்கும் கீழே.

3. கதை, பாடல், பொம்மலாட்டம் வழியாகப் பாடம் எல்லோருக்கும் பொதுவாகத் தொடங்குகிறது. பயிற்சிக்கு வரும்போது அவரவர் நிலைக்கு ஏற்ற வேலை கொடுக்கப்படுகிறது.

4. மதிப்பீடு தொடர்ந்து நடக்கிறது. தேறிய பிள்ளை அடுத்த நிலைக்கு நகர்கிறது.

நிலை என்பது நிரந்தரமானதன்று. தமிழில் மலர் நிலையில் இருக்கும் பிள்ளை கணக்கில் மொட்டு நிலையில் இருக்கலாம். ஜூலையில் அரும்பில் இருந்த பிள்ளை டிசம்பரில் மொட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே ‘என் பிள்ளை அரும்பா?’ என்று வருந்துவதற்கு முன், எத்தனை மாதமாக அரும்பில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் ஒரு பிள்ளை இருந்தால் நகர்த்தும் வேலை நடக்கவில்லை என்று பொருள். அதைப் பற்றி ஆசிரியரிடம் கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை மலரில் இருக்கிறதே என்ற ஒப்பீடு இந்தக் கேள்விக்கு உதவாது, பிள்ளையை மட்டும் புண்படுத்தும்.

திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. மதிப்பீட்டை அலைபேசிச் செயலியில் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தை விழுங்குகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து சொல்லிவந்திருக்கின்றன. அது நியாயமான குறை. வகுப்பு நேரத்தில் ஆசிரியரின் கண் பிள்ளையின் முகத்தில் இருக்க வேண்டும், திரையில் இருக்கக் கூடாது.

தமிழ் படிக்க ஏன் இவ்வளவு காலம்

‘தாய்மொழிதானே, இதற்கு மூன்று வருஷமா?’ என்று கேட்பவர்கள், தாங்கள் எழுத்துக் கற்ற நாளை மறந்துவிட்டவர்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 எழுத்துகள். அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. குறிகளின் ஒழுங்கு பிடிபட்டால் மிச்சம் தானாக வரும். அந்த ஒழுங்கில்தான் சிக்கல்கள் இருக்கின்றன.

‘கெ’, ‘கே’, ‘கை’ என்று எழுதும்போது குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’, ‘கோ’ என்றால் குறி இரண்டு பக்கமும் அணைத்து நிற்கிறது. இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டப் பழகும் பிள்ளை, இங்கே முன்னே போய்ப் பின்னே வர வேண்டியிருக்கிறது. உகர வரிசையைப் பாருங்கள்: கு, சு, து. மூன்றிலும் குறி வேறு வேறு வடிவம். 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்ற எழுத்துகளின் பழைய கொம்பு வடிவங்களை ஒழுங்குபடுத்தியது. உகர, ஊகார வரிசைகளைத் தொடவில்லை. அந்தச் சுமையை இன்றும் ஆறு வயதுப் பிள்ளைதான் சுமக்கிறது.

இன்னொன்று, ஓர் எழுத்துக்குப் பல ஒலிகள். கல், பகல், தங்கம் மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலி மூன்று. பேச்சில் ஏற்கெனவே அந்தச் சொல்லை அறிந்த பிள்ளைக்கு இது தடையாகாது. அறியாத சொல் என்றால் திணறும். அதனால்தான் தொடக்க வகுப்புகளில் கதைக்கும் பாட்டுக்கும் இவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள். ‘சும்மா பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று பெற்றோர் குறைப்படும் அந்த நேரத்தில், பிற்பாடு படிக்கப்போகும் சொற்கள் காது வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருக்கின்றன.

கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதும் பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்று நம்பிவிட வேண்டாம். பார்த்து எழுதுவது கையின் வேலை. அதைப் படமாகப் பார்த்தே வரைந்துவிடலாம். பாடநூலில் பாடத்தைத் தடையின்றி ஒப்பிப்பதும் அப்படித்தான். இருபது முறை கேட்ட பாடத்தை நூலைத் தலைகீழாகப் பிடித்தும் ஒப்பிக்கலாம். வீட்டில் செய்து பார்க்க எளிய வழி உண்டு. பஸ்ஸின் பெயர்ப் பலகையையோ மளிகைக் கடைப் பலகையையோ காட்டுங்கள். ‘திருக்கோவிலூர்’ என்பதை எழுத்துக் கூட்டிப் படித்து, ‘கோ’வைச் சரியாகச் சொல்லி, கடைசியில் முழுச் சொல்லையும் சேர்த்துச் சொன்னால், பிள்ளை படிக்கிறது. ‘திரு’வோடு நின்று உங்கள் முகத்தைப் பார்த்தால், எந்தக் குறியில் தடுக்குகிறது என்று குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். ‘சரியாகப் படிக்க மாட்டேன் என்கிறான்’ என்ற புலம்பலை விட, ‘ஒகர, ஓகாரத்தில் தடுமாறுகிறான்’ என்ற ஒரு வரி ஆசிரியருக்கு நூறு மடங்கு உதவும்.

கணக்கில் எது அடிப்படை

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. கவனக்குறைவு என்று திட்டுவோம். ஆனால் அந்த விடை தற்செயலாக வருவதில்லை. 2இலிருந்து 7 போகாது, அதனால் பிள்ளை 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறது. 5இலிருந்து 2 போக 3. ஒவ்வோர் இலக்கத்தையும் தனி எண்ணாகப் பார்க்கிறது. 52 என்பது ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்ற இடமதிப்பு இன்னும் விளங்கவில்லை. ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று சூத்திரம் சொல்லிக்கொடுத்தால் இந்தக் கணக்கு சரியாகிவிடும், 402 – 178 வரும்போது மறுபடியும் உடையும்.

இதற்காகத்தான் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் கழிக்க வைக்கிறார்கள். பிள்ளை பள்ளியில் குச்சி வைத்து விளையாடியதாகச் சொன்னால், அன்று கணக்குப் பாடம் நடந்திருக்கிறது. தமிழ் எண்ணுப் பெயர்களிலும் ஓர் இடறல் உண்டு: ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்த வரிசை ஒன்பதில் மாறிவிடுகிறது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டால் பிள்ளை தயங்குவது அறியாமையால் அன்று.

மதிப்பெண்ணும் வீட்டுப்பாடமும்

2012-13 முதல் தமிழ்நாட்டில் முப்பருவ முறை நடக்கிறது. ஆண்டு மூன்று பருவமாகப் பிரிந்தது, பாடநூலும் பிரிந்தது. அந்த முறையில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். வளரறி மதிப்பீடு என்பது பாடம் நடக்கும்போதே செயல்பாடு, சிறு தேர்வு வழியாகப் பார்ப்பது, 40 மதிப்பெண். தொகுத்தறி மதிப்பீடு என்பது பருவ முடிவில் வரும் எழுத்துத் தேர்வு, 60 மதிப்பெண். நாற்பதை ‘இலவச மதிப்பெண்’ என்று நினைப்பவர்கள் உண்டு. வளரறி மதிப்பீட்டில் சிரமப்பட்ட பகுதியைப் பருவம் முடிவதற்குள் சரிசெய்ய முடியும், தொகுத்தறி மதிப்பீட்டுக்குள் காலம் கடந்துவிடும். எனவே பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நாற்பதைத்தான்.

1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் இதையே சொல்லி, 3 முதல் 5ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்றது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டு கிலோ. இன்று மாலை தராசில் வைத்துப் பாருங்கள்.

எல்.கே.ஜி. பிள்ளைக்கு நான்கு பக்கம் எழுத்து வேலை தரும் பள்ளியை ‘கண்டிப்பான பள்ளி’ என்று பாராட்டும் வழக்கம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. விரல் தசை முதிராத வயதில் பென்சிலைப் பிடித்து வரி வரியாக எழுதும் பிள்ளை வலியைத்தான் கற்றுக்கொள்கிறது.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

இதுவரை சொன்ன எல்லாம் ஓர் எண்ணிக்கையில் போய் முட்டுகிறது. சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் அறுபது பிள்ளைகள்கூட இல்லை. ஆகவே ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் அன்று ஒருவர்தான். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பச் சட்டமே இடம் தருகிறது.

ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் அறிந்து தனித்தனியே பயிற்சி தருவது என்பது இந்த வகுப்பறையில் எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ‘ஆசிரியர் கவனிப்பதில்லை’ என்ற குற்றச்சாட்டு பல ஊர்களில் ‘ஆசிரியர் இல்லை’ என்று திருத்தி எழுதப்பட வேண்டியது. சட்டத்தின் எண்ணிக்கை சரியாக இருப்பதால் மட்டும் பிள்ளைக்கு ஆசிரியர் கிடைத்துவிட்டார் என்று ஆகாது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கோரிக்கையைப் பெற்றோர் கைவிடக் கூடாது.

அதை எழுப்ப இடம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 21. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பல ஊர்களில் இதைக் கையெழுத்துப் போடும் கூட்டமாக மட்டுமே தெரியும். ஆனால் அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுவுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வேலை பெரிது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவது இவர்கள் பொறுப்பு, பள்ளிக்கு வரும் மானியத்துக்கு அடிப்படையாக அமைவதும் அந்தத் திட்டம்தான்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்:

1. நம் பள்ளியில் ஜூன் முதல் அரும்பு நிலையிலேயே இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்?

2. கடந்த மாதம் ஓர் ஆசிரியர் மட்டுமே இருந்த நாள்கள் எத்தனை?

3. அந்த இரண்டு எண்களும் இந்த ஆண்டின் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன?

பதில்களைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.